கேட்காமலே கேட்டவர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பதினோரு ஆண்டுகள் வாரந்தோறும் எழுதியும் அவர் ஒருவருடைய பெயரையும் அச்சில் ஏற்றியதில்லை, தம்முடைய பெயரைக்கூட. அந்த வழக்கத்தை இப்போது நான் மீறினால், அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை எல்லாம் நிரூபிக்கப்பட்டவை என்ற தோற்றம் உண்டாகிவிடும். அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், பொருளாதாரத்தில் பட்டம் பெற்ற கையோடு, தியாகராய நகரில் ஒரு வட்டார வார இதழில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்தேன். எட்டுப் பக்க இதழ். மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளுக்கு அப்பாலும் உலகம் இருக்கிறது என்பதை அது ஒப்புக்கொண்டதே இல்லை. உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே அச்சகம், மாடியில் அலுவலகம். ஆறாம் பக்கத்தின் இடது ஓரம் முழுவதும் அவருடைய பத்தி. தலைப்பு: ‘வழியில் கேட்டது.’ வாசகர்கள் இதழை ஆறாம் பக்கத்திலிருந்துதான் பிரிக்கிறார்கள் என்று ஆசிரியர் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் சற்றுப் பெருமையும் இருக்கும்.

அந்தப் பத்தியின் ஒவ்வொரு செய்தியும் ஒரே விதமாக முடியும். ‘ஒரு வீட்டுச் சொந்தக்காரர் குடித்தனக்காரர்களுக்கு மட்டும் மோட்டாரை நிறுத்திவிடுகிறார் என்று கேள்வி.’ ‘ஒரு பள்ளிக்கூடத்தின் கழிவறைக்குக் கதவு இல்லை என்று கேள்வி.’ சொன்னவர் யார், எங்கே, எப்போது என்பவை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் பத்திரமாகப் படுத்துக்கொள்ளும். வதந்தி என்று சொல்லியிருந்தால் ஒதுக்கிவிடலாம். உண்மை என்று சொல்லியிருந்தால் ஆதாரம் கேட்கலாம். கேள்வி என்று சொல்பவரை என்ன செய்வது?

நான் சேர்ந்த முதல் வாரம் அவரிடமே இதைச் சொன்னேன். “சார், இவ்வளவு கேள்வின்னு எழுதறீங்களே, போய் ஒருத்தரையாவது நேரா கேட்டதுண்டா?”

அவர் தம் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, நிதானமாகப் பதில் சொன்னார். “நான் யாரையும் கேக்கறதில்லேம்மா. கேட்டுண்டிருப்பேன்.”

அது விளையாட்டுப் பேச்சு என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அது அவருடைய தொழில்முறை. அவரை அறிந்த ஐந்து ஆண்டுகளில், யாரிடமும் எதையும் அவர் வினவி நான் பார்த்ததில்லை. மணி என்ன என்றுகூட ஒருவரைக் கேட்கமாட்டார். கடிகாரம் கட்டியவரின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதரே கையைத் திருப்பிப் பார்த்து, “அஞ்சே காலாயிடுச்சு, பஸ்ஸைக் காணோமே” என்பார். “ம்” என்பார் இவர்.

அந்த ‘ம்’தான் அவருடைய முழு முதலீடு. ஒப்புதலா, மறுப்பா, வியப்பா, அலட்சியமா என்று பிரித்தறிய முடியாத ஓர் ஒலி. அதைச் சொல்லிவிட்டு அவர் மௌனமாகிவிடுவார். எதிரில் இருப்பவருக்கு அந்த மௌனம் தாங்காது. ஒருமுறை லஸ் முனையில் பேருந்துக்காக நின்றபோது, காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மாள் அவரிடம் பேசுவதைப் பின்னால் நின்று கவனித்தேன்.

“வெண்டைக்காய் விக்கற விலையைப் பாத்தேளா?”

“ம்.”

“எங்காத்துல அவர் வெண்டைக்காய் இல்லேன்னா சாப்பிடவே மாட்டார்.”

“ம்.”

“சாப்பாட்டுல மட்டும் குறைச்சலே கிடையாது. ஆபீஸுக்குத்தான் ஒழுங்காப் போறதில்லே. போன மாசம் மெமோ வந்துடுத்து.”

பேருந்து வருவதற்குள் அந்த அம்மாள், கணவர் எந்த அலுவலகம், மேலதிகாரி யார், அந்த மேலதிகாரி அலுவலக ஜீப்பில் எந்தப் பள்ளிக்குத் தம் குழந்தைகளை அனுப்புகிறார் என்பது வரை சொல்லி முடித்துவிட்டார். பத்தி எழுதுபவர் வாயிலிருந்து வந்தவை நான்கோ ஐந்தோ ‘ம்’கள். அடுத்த இதழில் அந்த ஜீப் வந்தது. அந்தக் கணவருக்கு இரண்டாவது மெமோ வந்ததா என்பதை நான் அறிய மாட்டேன். ஆனால் ஆறாம் பக்கத்தைத் திருத்தும்போதெல்லாம் அந்தக் காய்கறிப் பை என் நினைவுக்கு வரும்.

அவரைப் பற்றிய தகவல்களும் இதே வகையில்தான் எங்களுக்குக் கிடைத்தன. மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார். நீதிமன்றத்தில் நகல் எடுப்பவராக இருந்து, எடுக்கக்கூடாத ஒரு நகலை எடுத்ததால் வெளியேற்றப்பட்டார் என்று அச்சுக் கோப்பவர் சொன்னார். கல்யாணத் தரகராக இருந்தார் என்று சொன்னவர்களும் உண்டு. அதற்குக் காரணம், தம் பத்தியைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறத்தில்தான் அவர் எழுதிவருவார். மஞ்சள் தடவிய மூலையில் தொடங்கி, நெருக்கமான சாய்வெழுத்து. யாரோ ஒருவருடைய சுபமுகூர்த்தத்தின் முதுகில் யாரோ ஒருவருடைய குற்றம்.

ஆசிரியர் சொன்ன கதை வேறு. விளம்பரம் சேகரித்து வருவதற்காகத்தான் அவரை வேலைக்கு எடுத்தார்களாம். ஒரு வாரம் கடைசி நேரத்தில் ஒரு கடைக்காரர் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால், ஆறாம் பக்கத்தில் நான்கு அங்குலம் வெறுமையாக நின்றது. “எதையாவது எழுதி நிரப்புய்யா” என்றார் ஆசிரியர். அந்த வாரம் ஏறி இறங்கிய கடைகளில் காதில் விழுந்தவற்றை அவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் வாசகர்களிடமிருந்து முதன்முறையாகக் கடிதங்கள் வந்தன.

“அந்த விளம்பரம் குடுக்காத கடையைப் பத்தியும் எழுதினாரா சார்?” என்று கேட்டேன்.

ஆசிரியர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். “உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்மா” என்றார். எழுதவில்லை என்று அவர் சொல்லவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

ஆயினும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பத்தியால் நன்மை விளைந்ததை நானே கண்டிருக்கிறேன். ஒருமுறை, ‘ஒரு ஜவுளிக் கடையில் விற்பனைப் பெண்களை நாள் முழுதும் உட்காரவே விடுவதில்லை என்று கேள்வி’ என்று எழுதினார். இதழ் வெளிவந்த மறுநாள், வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக ஒருவர் எங்கள் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தார். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து பனகல் பூங்காவுக்கு அருகே ஜவுளிக் கடை நடத்துபவர். எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைப்பார்கள்.

“ஏன்யா, எங்க கடையத்தான எழுதிருக்கீய?”

“எந்தக் கடைன்னும் போடலையே அண்ணாச்சி” என்றார் ஆசிரியர்.

“பேரு போடாட்டா தெரியாதாக்கும்? காலையிலருந்து நாலு பொம்பளைய சேலை எடுக்க வந்தவுக, ‘இந்தப் பிள்ளைய உக்காரலாமா அண்ணாச்சி’ன்னு கேட்டுட்டுப் போறாவ. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிடதுன்னு தெரியல.”

பத்தி எழுதுபவர் அதே அறையில், நாற்காலியில் அமர்ந்து பழைய இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கத்தித் தீர்த்துவிட்டு, போகும்போது அவரையே பார்த்து, “நீங்களே சொல்லுங்க சார், இது நியாயமா?” என்று முறையிட்டார். “ம்” என்றார் அவர்.

அந்த வாரமே அண்ணாச்சியின் கடையில் முக்காலிகள் வந்தன. அதைவிட வியப்பு, அதே வரிசையிலிருந்த வேறு மூன்று கடைகளிலும் வந்தன. இதை நான் சொன்னபோது பத்தி எழுதுபவர் முகத்தில் முதன்முறையாக மகிழ்ச்சியைக் கண்டேன்.

“பேரைப் போட்டா ஒருத்தன் திருந்துவன். போடலேன்னா நாலு பேர் திருந்துவா. ஒவ்வொருத்தனும் தன்னைத்தான்னு நினைச்சுப்பன், பாத்துக்கோ.”

அந்தக் கணக்கில் ஒரு பிழை இருப்பதாக அப்போதே எனக்குத் தோன்றியது. குற்றமுள்ள நால்வர் திருந்தலாம். குற்றமற்ற ஐந்தாமவன் மீது அது விழுந்தால்? ஆனால் முக்காலியில் அமர்ந்திருந்த பெண்களைப் பார்த்துவிட்டு வந்த நாளில் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த ஐந்தாமவன் வந்து சேர்ந்தான்.

மாம்பலம் ரயில் நிலையத்துக்கு மேற்கே ஒரு தரும மருந்தகம் இருந்தது. வணிகர்கள் சிலர் கூடி நடத்தியது. கமிட்டிக்குத் தலைவர் நம் அண்ணாச்சிதான். வாரத்தில் மூன்று காலை மருத்துவர் ஒருவர் வருவார். மற்றபடி கம்பவுண்டர்தான் எல்லாம். நோயாளிகள் வீட்டிலிருந்து காலிச் சீசா கொண்டுவர வேண்டும். கம்பவுண்டர் ரோஸ் நிறத்தில் இருமல் மிக்சர் ஊற்றி, குடிக்கும் அளவு தெரிய, வேளைக்கு ஒன்றாக ஓரத்தில் வெட்டுப் போட்ட காகிதப் பட்டையைச் சீசாவில் ஒட்டித் தருவார். குடிசைப் பகுதிப் பிள்ளைகள் பலர் அந்த மிக்சரில்தான் பிழைத்தார்கள்.

‘நம் பகுதித் தரும மருந்தகம் ஒன்றில், குழாய் நீரே நிறம் மாறி மருந்தாகிறது என்று கேள்வி.’

இந்த வரியைத் திருத்தியவள் நான். ‘நிறம்’ என்பதை அச்சுக் கோப்பவர் ‘நிரம்’ என்று கோத்திருந்தார், மாற்றினேன். ஏழைகளை ஏமாற்றுபவன் ஒருவன் அகப்பட்டான் என்று மனத்துக்குள் மகிழ்ந்ததாகவும் நினைவு.

இதழ் வந்த நான்காம் நாள் கம்பவுண்டர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். காக்கிக் கால்சட்டை, சைக்கிள் கிளிப், கையில் நான்காக மடித்த இதழ். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தினமும் சைக்கிளில் வருபவர்.

“இத எழுதினது யாரு சார்?”

“எழுதறவங்க பேரைச் சொல்றது வழக்கமில்லப்பா” என்றார் ஆசிரியர்.

“என் பேரும் வழக்கமில்லன்னுதானே வுட்டுட்டீங்க? ஆனா ஜனங்கோ கரீட்டா என்னாண்ட வந்துடுச்சே! ‘இன்னா நைனா, குழாய்த் தண்ணியா ஊத்துறே’ன்னு கேக்குறானுங்கோ. ஒருத்தி சீசாவ என் மூஞ்சிக்கு நேரா கவுத்துட்டுப் போறா.” அவர் இதழைப் பிரித்து மேசைமீது விரித்தார். “தண்ணி ஊத்தாம மிக்சர் எப்படி சார் வரும்? மருந்த தண்ணில கலக்குறதாலதான் அதுக்குப் பேரே மிக்சர். குழாயில புடிச்சி, காச்சி, ஆற வெச்சி, அளந்து ஊத்துறேன். டாக்டர் எழுதிக் குடுத்த அளவு. பதினாலு வருசமா அதத்தான் பண்ணிகினு கீறேன்.”

எழுதப்பட்ட செய்தி சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தது. அதன் பொருள் முழுதும் பொய்யாக இருந்தது.

“கமிட்டில இன்னா சொன்னாங்கோ தெரியுமா? நாளையிலேந்து வராத, ஞாயித்துக்கிழமை கூடி முடிவு பண்ணிச் சொல்றோம்னுட்டாரு அண்ணாச்சி. ‘எங்கடையப் பத்தி எழுதுனது நெசம், அப்ப இதுவும் நெசமாத்தான் இருக்கும்’ங்கிறாரு. அவரு முக்காலி போடாததுக்கு நான் இன்னா சார் பண்ணுவேன்?”

அவர் நின்ற இடத்திலிருந்து இரண்டு முழ தூரத்தில், குடையை மடிமீது வைத்துக்கொண்டு, பத்தி எழுதுபவர் அமர்ந்திருந்தார். கம்பவுண்டர் திரும்பியபோது வழிவிடக் கால்களை மட்டும் மடக்கிக்கொண்டார்.

மறுப்பு வெளியிட வேண்டும் என்று ஆசிரியரிடம் வாதாடினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “எப்படிம்மா போடுவே? பேரே போடலையே! ‘நாங்க சொன்னது இவரை இல்லே’ன்னு போட்டா, இதுவரைக்கும் தெரியாதவனுக்கும் தெரிஞ்சுபோயிடும். ‘அந்த மருந்தகம் இல்லே’ன்னா, அடுத்த தெரு மருந்தகத்துக்காரன் நாளைக்கு வந்து நிப்பான்.”

அவர் சொன்னது சரி. பெயரில்லாமல் செய்த குற்றச்சாட்டைப் பெயரில்லாமல் திரும்பப் பெற வழியே இல்லை. அந்த வழியின்மை தற்செயலானது என்று என்னால் நம்ப முடியவில்லை. மருந்தகத்துக்கு எதிரில் அந்த ஆண்டுதான் தனியார் மருத்துவர் ஒருவர் கிளினிக் திறந்திருந்தார். பத்தி எழுதுபவர் அந்தக் கிளினிக்கிலிருந்து வெளியே வருவதை இருமுறை என் கண்ணால் பார்த்திருந்தேன். மருந்தகம் மூடப்பட்டால் யாருக்கு ஆதாயம்? பொருளாதாரம் படித்தவளுக்கு விடை எளிதாகக் கிடைத்தது.

அன்று மாலை மாம்பலம் நிலையத்துக்குப் போகும் வழியில், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அவரைப் பிடித்தேன்.

“யார் சார் சொன்னது உங்களுக்கு?”

“சொன்னவாளைக் காட்டிக்குடுக்கறதில்லேம்மா.”

“ஒரு மனுஷனோட பதினாலு வருஷ வேலை போகுது சார்.”

“ம்.”

“அந்த எதிர்த்தாப்பல டாக்டரா?”

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் போன்ற ஒன்று இருந்தது. அது எனக்குக் கோபமூட்டியது. “ம்” என்றார். குடையை விரித்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் அண்ணாச்சியின் கடைக்குப் போய், “எதிர் கிளினிக் டாக்டர் தூண்டிவிட்டுத்தான் அந்தச் செய்தி வந்ததுன்னு கேள்வி அண்ணாச்சி” என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்த கடைசிச் சொல் என் காதில் விழுந்தது. அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “படிச்ச பிள்ளை பேசுத பேச்சா இது? சாட்சி இருக்கா? சரி, ஞாயித்துக்கிழமை அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க. நேருக்கு நேரா கேட்டுக்கிடுதேன்” என்றார்.

ஞாயிறு காலை மருந்தகக் கூடத்தில் கூடினோம். கமிட்டியார் நால்வர் பெஞ்சில் அமர்ந்தனர். கம்பவுண்டர் தம் மருந்து அறைக் கதவருகே, உள்ளே போக உரிமையற்றவர்போல் நின்றார். ஆசிரியரும் நானும் ஒரு பக்கம். பத்தி எழுதுபவர் நடுவில், குடையோடு. ‘நீங்கள்தானா அது’ என்பதுபோல அண்ணாச்சி அவரைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் காண முடிகிறது.

“சார், ஒரே கேள்விதான். ஒங்களுக்கு யாரு சொன்னா? எதுத்த டாக்டரா?”

“இல்லே.”

“அப்ப யாரு?”

“சொன்னவா பேரைச் சொல்லமாட்டேன்.”

“அப்ப நீங்க எழுதுனது நெசம்தான்னு நாங்க எடுத்துக்கிடலாமா? இந்த மனுசன இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிரலாமா?”

கம்பவுண்டர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பத்தி எழுதுபவர் குடையின் கைப்பிடியைத் தடவினார். பிறகு சொன்னார்: “பேரைச் சொல்லமாட்டேன். சொன்ன வார்த்தையைச் சொல்றேன். அது போதுமான்னு நீங்க பாத்துக்கோங்கோ. ஒருநாள் சாயங்காலம், டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்திருந்தது. இந்த மருந்தகத்தைப் பத்தி யாரோ பேச்செடுத்தா. ‘அங்க குடுக்கறது மருந்தா, குழாய்த் தண்ணில கலர் கலக்கினதா, யாருக்குத் தெரியும்’னு சிரிச்சுண்டே சொன்னா. நாலு பேர் கூடச் சிரிச்சா. அவ்வளவுதான். வேற யார் சொல்லியிருந்தாலும் எழுதியிருக்கமாட்டேன். சொன்னவா பட்டம் வாங்கினவா, ஏழைகள் மேல அக்கறை உள்ளவா, பேச்சை அளந்து பேசறவா. அதனால நம்பினேன். தப்பு என்னோடது.”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆசிரியரும் பார்க்கவில்லை. பஜ்ஜியைச் சுற்றி வந்திருந்த எண்ணெய்க் காகிதம், அதில் நான் விரலைத் துடைத்தது, எங்கள் அலுவலக நாற்காலியில் அவர் இருந்தது, ‘ம்’ என்றது, எல்லாம் ஒவ்வொன்றாக எனக்குத் திரும்பி வந்தன. நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அவ்வளவு கவனமாக எனக்கு இடம் விட்டிருந்தார். வீட்டில் என் சம்பளத்தை நம்பி இருவர் இருந்தார்கள் என்பதையும், கதவருகே நின்றவர் வீட்டில் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியாது என்பதையும் அந்த அரை நிமிடத்துக்குள் எடை போட்டேன். எழுந்து நின்றேன்.

“நான்தான் சொன்னேன்.”

கம்பவுண்டர்தான் முதலில் பேசினார். கோபமே இல்லாத குரல். “நீ எப்பம்மா இங்க வந்து மருந்து வாங்கின? உன்ன நான் பாத்ததே இல்லியே.”

“வாங்கினதில்லே.”

“பின்ன உனுக்கு எப்படித் தெரியும்?”

“ரயிலுக்கு நிக்கும்போது யாரோ பேசிக்கிட்டாங்க.”

“யாரு?”

எவ்வளவோ முயன்றும் அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. ஆணா பெண்ணா என்பதுகூட. “தெரியலே” என்றேன்.

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆகக்கூடி, சொன்ன ஒருத்தரும் குடிச்சுப் பாக்கல. எழுதுனவரும் குடிக்கல, அச்சுப் போட்டவரும் குடிக்கல. நாந்தான் பெரிய நியாயவான் மாதிரி இந்த மனுசன வெளிய நிறுத்தி வச்சிருக்கேன். நானும் குடிக்கல.” கம்பவுண்டரிடம் திரும்பினார். “நாளைக்கு வந்துரும் ஓய். மனசுல வச்சுக்கிடாதீரும்.”

கமிட்டி மன்னித்தது; மருந்துக்கு நிற்கும் வரிசை மன்னிக்கவில்லை. தீர்ப்பைக் கமிட்டி எங்கும் அச்சிடவில்லை. பழைய செய்தியோ வீடு வீடாகக் கிடந்தது. மறுநாள் முதல், ரயிலிலிருந்து இறங்கியதும் மேற்குப் பக்கம் போய் அந்த மருந்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். முப்பது நாற்பது பேர் நின்ற இடத்தில் ஏழெட்டுப் பேர். அவர்களும் சீசாவை வாங்கியவுடன் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். “பாத்துக்கோம்மா, நல்லா பாத்துக்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்த கம்பவுண்டர், புதன்கிழமை வேறொன்று செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு சீசாவில் ஊற்றுமுன்னும், மூடியில் சிறிது ஊற்றித் தாமே குடித்துக் காட்டினார். நோயில்லாத ஒரு மனிதர் காலை முழுவதும் ஊராரின் இருமலுக்கு மருந்து குடித்துக்கொண்டிருந்ததை நின்று பார்க்க முடியவில்லை. நான் ஒரு மனு எழுதலாமா, வீடு வீடாகப் போய் விளக்கலாமா என்று யோசித்துக்கொண்டு அலுவலகம் போனேன்.

வெள்ளிக்கிழமை அந்த வரிசையில் ஒரு குடையைக் கண்டேன். கையில் காலிச் சீசாவோடு, எட்டாவது ஆளாக அவர் நின்றார். முறை வந்ததும் சீசாவை நீட்டினார்.

“உனுக்கு இன்னா சார்?”

“இருமல்.”

“இருமலா? ஒரு வாட்டி இருமிக் காட்டு பாப்போம்” என்றார் கம்பவுண்டர். வரிசையில் ஒருத்தி சிரித்தாள்.

“ஊத்துப்பா.”

கம்பவுண்டர் மூடியைத் தம் வாயருகே கொண்டுபோனார். பத்தி எழுதுபவர் கையை நீட்டி அதைத் தடுத்துவிட்டார். சீசா நிறைந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல், வரிசையை நோக்கித் திரும்பி நின்று, எல்லாரும் பார்க்க ஒரு வேளை மருந்தைக் குடித்தார். கசப்பில் முகம் கோணியது. பின்னால் நின்றவள் தூக்கிப் பிடிக்கவிருந்த தன் சீசாவைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

மறுநாளும் வந்தார், திங்களன்றும் வந்தார். அதற்கடுத்த நாளும். ஏறக்குறைய ஒரு மாதம், நோயே இல்லாமல், நாள் தவறாமல் அந்த மருந்தைக் குடித்தார். வரிசை மெல்ல மெல்ல நீண்டது; கம்பவுண்டர் மூடியில் ஊற்றிக் குடிப்பதை நிறுத்தினார். எங்கள் இதழில் மறுப்பு எதுவும் வெளிவரவில்லை. இதைப் பற்றி அலுவலகத்தில் அவர் ஒரு சொல் பேசியதுமில்லை. அச்சில் எழுத முடியாத மறுப்பை அவர் அங்கே நின்று உடம்பால் எழுதிக்கொண்டிருந்தார் என்று நம்பவே நான் விரும்பினேன். இன்றும் விரும்புகிறேன்.

ஆனால் கடைசியாக நான் அவரை அங்கே பார்த்த காலையையும் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. வரிசை அன்று வாசலைத் தாண்டித் தெரு வரை வந்துவிட்டது. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாகிவிட்டது. அவர் இனி வர வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் வந்திருந்தார். சுவரோரமாக நின்று, ஒரு வாய் மருந்தை ஆறு வாயாகப் பிரித்து, மிக நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அருகில் இரண்டு பெண்கள், தாங்கள் வேலை செய்யும் வீட்டில் பூட்டியே கிடக்கும் ஒரு மாடி அறையைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருடைய தலை அவர்கள் பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது.